தோல்வி யாருடையது?

திருகோணமலை உள்துறைமுகத்தை ஒட்டிச் செல்லும் வீதியில், கடற்றொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் வந்து கூடும் தேநீர்க் கடை ஒன்று உண்டு. 2023ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி இரவு நாமும் அங்கே இருந்தோம். மாரி தொடங்கிவிட்டிருந்தது. கடல் கொந்தளித்துக் கிடந்தமையால் தோணிகள் கரையேறிவிட்டன. வேலையற்ற கைகள் தேநீர்க் குவளைகளைப் பற்றியிருக்க, கண்கள் யாவும் தொலைக்காட்சிப் பெட்டியில் பதிந்திருந்தன. மும்பை வான்கடே மைதானத்தில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் ஆட்டம். இந்தியா எடுத்த 357 ஓட்டங்களைத் துரத்தப் புறப்பட்ட இலங்கை அணி, 3 ஓட்டங்கள் சேர்வதற்குள் 4 விக்கெட்டுகளை இழந்து நின்றது. இருபது ஓவர்கள் நிறைவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. மொத்தம் 55 ஓட்டங்கள். 302 ஓட்டங்களால் தோல்வி.

கடையில் எவரும் கூச்சலிடவில்லை. வலை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கைகளையுடைய முதியவர் ஒருவர் எழுந்தார். "நாங்கள் தோத்துப் போனம்" என்று சொன்னார். தேநீருக்குரிய காசை மேசைமீது வைத்துவிட்டு மழைக்குள் இறங்கி நடந்தார்.

அந்த ஒரு வாக்கியம் நம்மை வெகுநாள் உறங்கவிடவில்லை. அவர் தம் வாழ்நாளில் துடுப்பைப் பிடித்தவர் அல்லர்; அவர் பிடித்ததெல்லாம் தோணியின் துடுப்பே. அணியைத் தெரிவு செய்தவர்கள் அவரைக் கேட்டுத் தெரிவு செய்யவில்லை. அந்த அணி வென்றிருந்தால் பரிசுப் பணத்தில் ஒரு சதமும் அவர் கைக்கு வந்திருக்காது. போர் நடந்த ஆண்டுகளில், அந்த அணி எந்த நாட்டின் பெயரைத் தாங்கி ஆடியதோ அந்த நாட்டின் காவலரண்களில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வெயிலில் நின்றவர் அவர். எனினும் அவர், "அவர்கள் தோற்றார்கள்" என்று சொல்லவில்லை, "நாங்கள்" என்றார்.

இங்கே இரண்டு கேள்விகள் பிறக்கின்றன. தோல்வி என்பது ஒரு குற்றமா? குற்றமாயினும் அன்றாயினும், அது யாருடையது? விளையாட்டைப் பற்றிய கேள்விகளாகவே இவை தோன்றும். ஆயினும் இவற்றுக்கு நாம் அளிக்கும் விடை, வகுப்பறையிலும் தேர்தல் மேடையிலும் நீதிமன்றத்திலும் நாம் நடந்துகொள்ளும் முறையைத் தீர்மானிக்கிறது என்பது நமது எண்ணம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். அந்த ஆண்டின் செப்டெம்பர் 17ஆம் திகதி, கொழும்பில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை அணி 50 ஓட்டங்களுக்குள் சுருண்டது. முகமது சிராஜ் ஒரே ஓவரில் நால்வரை வீழ்த்தினார். அடுத்த மாதம் இந்தியாவில் உலகக் கிண்ணம் தொடங்கிற்று. இலங்கை ஆடிய ஆட்டங்கள் ஒன்பது. வென்றவை நெதர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் எதிரான இரண்டு மாத்திரமே. தென்னாபிரிக்கா 428 ஓட்டங்களைக் குவித்தது. ஹைதராபாத்தில் இலங்கை 344 ஓட்டங்களை எடுத்தும், பாகிஸ்தான் அதனைத் துரத்திப் பிடித்தது. உலகக் கிண்ண வரலாற்றில் அவ்வளவு பெரிய எண்ணிக்கையை அதற்கு முன் எவரும் துரத்தி வென்றதில்லை. அணித்தலைவர் தசுன் சானக்க இரண்டாவது ஆட்டத்துடன் காயமுற்று விலக, குசல் மென்டிஸ் தலைமையை ஏற்றார். முதன்மைச் சுழற்பந்து வீச்சாளர் வனிந்து ஹசரங்க காயத்தினால் தொடருக்கே வரவில்லை. இறுதியில், பத்து அணிகளில் ஒன்பதாம் இடம். முதல் எட்டு இடங்களைப் பெற்றோர்க்கே 2025ஆம் ஆண்டின் சாம்பியன்ஸ் கிண்ணத்தில் இடமுண்டு என்பதால் அந்த வாயிலும் அடைபட்டது.

இனி முதற் கேள்விக்கு வருவோம்.

பத்து அணிகள் ஒன்றோடொன்று ஒருமுறை ஆடினால் நாற்பத்தைந்து ஆட்டங்கள். அந்தத் தொடரில் வெற்றி தோல்வியின்றி முடிந்த ஆட்டம் ஒன்றுமில்லை. ஆகவே நாற்பத்தைந்து வெற்றிகள். அவற்றுக்கு ஈடாக நாற்பத்தைந்து தோல்விகள். பத்து அணிகளும் இரவுபகலாக உழைத்திருந்தாலும், பத்து அணிகளிலும் மேதைகளே நிறைந்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை. எவரோ ஒருவர் ஒன்பதாம் இடத்தில் நின்றே தீரவேண்டும். 2019இல் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து, 2023இல் ஏழாம் இடத்தில் நின்றது. பங்களாதேஷும் இலங்கையும் சமமாக இரண்டிரண்டு வெற்றிகளே பெற்றன; ஓட்ட வீதம் என்னும் கணக்கினால் ஒன்று எட்டாம் இடத்துக்கு ஏறியது, மற்றொன்று ஒன்பதுக்கு இறங்கியது. ஒன்று உள்ளே, மற்றொன்று வெளியே. அந்தத் தசமப் புள்ளிக்கு இப்பால் நின்றவன் வீரன், அப்பால் நின்றவன் துரோகி என்று தீர்ப்பளிப்பது எந்த அறத்தின்பாற் படும்?

தோல்வி என்பது ஆட்டத்தின் விதியிலேயே எழுதப்பட்ட ஓர் இடம். அந்த இடத்தில் நிற்பதனாலேயே ஒருவன் இழிந்தவன் ஆகான். வரலாறும் இதனைக் காட்டுகிறது. 1987ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் இலங்கை அணி ஆடிய ஆட்டங்கள் ஆறு; ஆறிலும் தோல்வி. அர்ஜுன ரணதுங்கவும் அரவிந்த டி சில்வாவும் அந்த அணியில் இருந்தவர்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்று கிண்ணத்தை ஏந்தியபோது, அணித்தலைவர் அதே ரணதுங்க. ஆட்டமிழக்காது 107 ஓட்டங்கள் எடுத்தவர் அதே டி சில்வா. 1987இல் அவர்களைத் தூக்கி எறிந்திருந்தால் 1996 நிகழ்ந்திருக்குமா? 2023இல் தோற்ற அணியின் வீரர்களிற் பலரே, 2024 ஓகஸ்டில் இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் தொடரை வென்றனர். 1997க்குப் பின் அத்தகைய வெற்றி அதுவே முதல். பத்து மாதத்துக்குள் அவர்களுடைய ஒழுக்கம் திருந்திவிட்டது என்று எவரேனும் கூறுவாரா?

ஆயின், தோல்வி குற்றம் அன்று என்பதனால் தோற்றவரை ஒன்றுமே கேட்கலாகாது என்று கொள்ளலாமா? அப்படியும் அன்று. இங்கேதான் நாம் பகுத்துப் பார்க்கப் பழகவேண்டும். ஒரு தோல்விக்குள் பல பொருள்கள் கலந்து கிடக்கின்றன. நாணயச் சுழற்சி, மழை, காயம் என்பன ஒருவகை. இவற்றுக்கு எவரும் பொறுப்பில்லை. எதிரியின் திறமை இன்னொரு வகை. சிராஜ் நன்றாகப் பந்து வீசியது இலங்கை வீரரின் குற்றம் ஆகாது. பயிற்சியின்மை, அலட்சியம், நேர்மையின்மை என்பன மூன்றாம் வகை. இவை ஆடியவரையே சாரும். நான்காவது வகை ஒன்றுண்டு. மைதானத்தில் அது கண்ணுக்குத் தென்படுவதில்லை. யாருக்கு விளையாடக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதே அது.

திருகோணமலைச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். மாலையில் கடற்கரை மணலில் தென்னை மட்டையையோ பலகையையோ செதுக்கித் துடுப்பாக்கிக்கொண்டு, ரெனிஸ் பந்தில் ஆடுகிறான். தோற்பந்தின் விலை அவன் தகப்பனின் ஒருநாட் கூலியைத் தின்றுவிடும். காற்காப்பு, தலைக்கவசம் என்பன அவனுக்குத் தொலைக்காட்சியில் காணும் பொருள்கள். கொழும்பு, காலி, கண்டி, தம்புள்ளை, அம்பாந்தோட்டை என்று சர்வதேச மைதானங்கள் எழுந்தன. 2023ஆம் ஆண்டுவரை வடக்கிலோ கிழக்கிலோ அத்தகைய மைதானம் ஒன்றேனும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து மண்டைதீவில் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டதே 2025 செப்டெம்பரில்தான். ஒரு நாட்டின் பிள்ளைகளிற் பெரும்பகுதியினர் வாயிலுக்கு வெளியே நிற்க, உள்ளே நின்ற பதினொருவர் தோற்றுவிட்டனர் என்று குறைபட்டுக்கொள்வதில் பாதி உண்மையே இருக்கிறது. மற்றப் பாதி, ஆடாமலே தோற்றவர்களின் கதை.

"அவர்கள் ஊதியம் பெறுகிறார்கள், வெல்லத்தானே ஊதியம்?" என்று கேட்பார் உண்டு. இது எளிய கேள்வி அன்று. தொழில்முறை வீரன் தன் உடலையும் இளமையையும் விற்கிறான். அவனை வாங்குவோர் விளம்பர நிறுவனத்தாரும் ஒளிபரப்பு உரிமையாளரும். எனின் அவர்கள் வாங்குவது எதனை? கடலுக்குப் போன தொழிலாளி சில நாள் வெறும் வலையுடன் திரும்புகிறான். அவனை எவரும் துரோகி என்பதில்லை. நேரத்துக்குப் போனானா, வலையைச் சரியாக வீசினானா, பங்காளிகளை ஏமாற்றாமல் இருந்தானா என்பதே கேள்வி. வைத்தியன் கைவிட முடியாத நோயாளியும் மரிக்கிறான். ஆசிரியன் கண்ணுங்கருத்துமாகக் கற்பித்த மாணவனும் பரீட்சையில் தவறுகிறான். முயற்சிக்குக் கூலி உண்டு என்றுதான் வள்ளுவர் கூறினார். வெற்றி உண்டு என்று அவர் வாக்களிக்கவில்லை. உடல் வருந்தியதற்குரிய கூலி என்ற அவருடைய எண்ணத்தில், உழைப்பவனை அறிந்த ஒரு நெஞ்சம் இருக்கிறது. தொழிலாளி தன் எசமானுக்குக் கடன்பட்டிருப்பது நேர்மையான உழைப்பு. அதன் பலனை அவன் எழுதிக்கொடுக்க முடியாது. வீரனும் தொழிலாளியே. அவனிடம் உழைப்பைக் கேட்போம், நேர்மையைக் கேட்போம். வெற்றியை அவனிடம் வேண்டலாம். கடனாக வசூலிக்க முடியாது.

நேர்மை என்றதும் அந்தத் தொடரின் இன்னோர் ஆட்டம் நினைவுக்கு வருகிறது. நவம்பர் 6ஆம் திகதி டில்லியில் பங்களாதேஷுடன் ஆட்டம். அஞ்சலோ மத்தியூஸ் ஆட வந்தார். அவருடைய தலைக்கவசத்தின் வார் அறுந்துவிட்டது. வேறு கவசம் கொண்டுவரச் சொன்னார். இரண்டு நிமிடத்துக்குள் பந்தை எதிர்கொள்ள ஆயத்தமாக வேண்டும் என்பது அந்தத் தொடரின் விதி. எதிரணித் தலைவர் ஷகிப் அல் ஹசன் நடுவரிடம் முறையிட்டார். மத்தியூஸ் ஒரு பந்தையும் சந்திக்காமல் வெளியேறினார். சர்வதேச ஆட்ட வரலாற்றில் இவ்வாறு காலந்தாழ்த்தியமைக்காக ஆட்டமிழந்த முதல் வீரர் அவரே. ஆட்டம் முடிந்தபின் இலங்கை வீரர்கள் கைகுலுக்கவும் மறுத்தனர். தாம் போரில் நிற்பதாகவே உணர்ந்ததாகவும், வெல்வதற்கு வேண்டியதைச் செய்ததாகவும் ஷகிப் பின்னர் விளக்கம் கூறினார்.

விதி அவர் பக்கம் இருந்தது. அதனை மறுக்க இயலாது. ஆயினும் அந்தப் "போர்" என்ற சொல்லை இத்துறைமுகத்து மக்கள் அவ்வளவு எளிதாகக் கேட்டுவிட்டுப் போக முடியாது. போரை நாம் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அல்லர். போரில் தோற்றவன் மறுநாள் மைதானத்துக்கு வருவதில்லை. விளையாட்டின் மேன்மையே இதுதான்: தோற்றவன் உயிரோடு வீட்டுக்குப் போகிறான், தாயின் கையால் உண்கிறான், நாளை மீண்டும் வருகிறான். போருக்கும் விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு ஆயுதத்தில் மட்டும் இல்லை. தோற்றவனுக்கு என்ன நேர்கிறது என்பதிலேயே இருக்கிறது. அந்த வேறுபாட்டை அழிப்பவன், வென்றாலும் ஆட்டத்தை இழந்தவனே ஆகிறான். தோற்றவனும் கைகொடுக்க மறுக்கும்போது அதே பிழைக்குத் துணைபோகிறான்.

நமது பழைய இலக்கியம் இந்த விடயத்தில் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலன் வென்றான். தோற்ற சேரன், முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். அப்போது வெண்ணிக் குயத்தியார் என்னும் புலவர், வென்ற கரிகாலனை நோக்கியே, உன்னிலும் அந்தத் தோற்றவன் நல்லவன் அல்லனோ என்ற பொருள்படக் கேட்டார். புறநானூற்றில் அந்தப் பாட்டு இருக்கிறது. பெயரைக் கொண்டு பார்த்தால் மண்ணைக் குழைத்துக் கலம் வனையும் குடியில் வந்த ஒரு பெண். அரசவைப் பெருமக்கள் வாழ்த்துப் பாடும் வேளையில், வெற்றியும் மேன்மையும் ஒன்றல்ல என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்தத் துணிவை நாம் வணங்குகிறோம். ஆனால் ஓரிடத்தில் அந்தப் பழைய அறத்தோடு நாம் முரண்படவும் வேண்டும். தோற்றவனுடைய பெருமையை நிலைநாட்ட அவன் உயிரை அது கேட்டது. சாகும் தோல்வியாளனை அது போற்றிற்று. வாழும் தோல்வியாளனுக்கு அதனிடம் இடம் இருந்ததா என்பது ஐயமே. இன்றைக்கும் பரீட்சை முடிவு வெளிவரும் வாரத்தில், தவறிய பிள்ளைகளைக் குறித்து நமது வீடுகளில் எழும் அச்சத்தை ஆசிரியர்கள் அறிவார்கள். நாணம் என்ற பெயரால் உயிரைக் கேட்கும் எந்த அறமும் மக்களின் அறம் ஆகாது. தோற்றவன் உயிரோடிருந்து, தலைநிமிர்ந்து, மறுபடி முயல்வதற்கு இடம் தரும் சமுதாயமே நாம் கட்டவேண்டிய சமுதாயம்.

இனி, இரண்டாவது கேள்வி. இந்தத் தோல்வி யாருடையது?

அம்முதியவரின் "நாங்கள்" என்ற சொல்லை ஏளனம் செய்வோர் இரு பக்கத்திலும் உண்டு. "உனக்கும் அந்த அணிக்கும் என்னடா உறவு?" என்று ஒரு பக்கத்தார் கேட்பார்கள். "நீ உண்மையில் எங்கள் அணியையா ஆதரித்தாய், இந்தியாவையா?" என்று மறுபக்கத்தார் ஐயுறுவார்கள். திருகோணமலையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே துறைமுகத்தின் உப்புக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஒரே தேநீர்க் கடையில் ஒரே ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். ஆயினும் கைதட்டும்போது ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்ட காலம் இருந்தது. மலையகத் தமிழரான முத்தையா முரளிதரன் டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திய 2010ஆம் ஆண்டில், அவரை நாடே கொண்டாடிற்று. போர் முடிந்து ஓராண்டே ஆகியிருந்தது. அந்தக் கொண்டாட்டம், மலைநாட்டு லயன் அறைகளின் கூரையையோ வன்னி முகாம்களின் முட்கம்பியையோ எவ்வளவு தூரம் மாற்றிற்று? வென்று தருபவனை "நம்மவன்" என்பதும், வாழ வழி கேட்பவனை "அந்நியன்" என்பதும் ஒரே வாயிலிருந்து வரலாகாது.

கோவூர் கிழார் செய்த செயல் ஒன்றை இங்கே நினைவுகூர வேண்டும். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் சோழர் குடியில் பிறந்தவர்கள். ஒருவரையொருவர் அழிக்க நின்றார்கள். புலவர் இடையிலே புகுந்தார். இருவர் அணிந்திருப்பதும் ஒரே ஆத்தி மாலை. இருவரும் வெல்வது நடவாத காரியம். யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று எடுத்துரைத்தார். அதுவும் புறநானூற்றிலே உள்ளது. 2009ஆம் ஆண்டில் இந்நாட்டில் வெற்றி விழா எடுத்தவர்களுக்கு அருகில் நின்று இதைச் சொல்ல ஒரு கோவூர் கிழார் இல்லாமற் போனார். ஒரு பகுதியினரின் வெற்றி மற்றப் பகுதியினரின் புதைகுழியாக இருந்தபோது, தோற்றது யாருடைய குடி?

ஆகவே "நாம்" என்ற சொல் மலிவான சொல் அன்று. அது வெற்றியில் பங்கு கேட்பதற்கான சொல்லும் அன்று. வெற்றியில் பங்கு கேட்க அழையாமலே வருவார் பலர். ஒருவன் "நாம்" என்று சொல்வது உண்மையா என்று அறிய ஒரு வழியே உண்டு: தோல்வியிலும் அவன் அதைச் சொல்கிறானா என்று பார்ப்பது. அம்முதியவர் அந்தச் சோதனையில் தேறியவர். அரசு அவரை "நாம்" என்று எண்ணாத காலத்திலும், அவர் தம் பங்கிற்கு அந்தச் சொல்லைக் கைவிடவில்லை. கடன்பட்டிருப்பது அவர் அல்லர். அவருக்கு அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லாத நாடே கடன்பட்டிருக்கிறது.

அந்தக் கடனை நாடு எவ்வாறு தீர்க்க முயன்றது என்பதை அதே நவம்பர் மாதம் நமக்குக் காட்டிற்று. 55 ஓட்டத் தோல்வி நிகழ்ந்து நான்கு நாளில், விளையாட்டுத்துறை அமைச்சர் ரொஷான் ரணசிங்க கிரிக்கெட் நிருவாகச் சபையைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நவம்பர் 9ஆம் திகதி, நிருவாகிகள் விலகவேண்டும் என்று பாராளுமன்றம் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிற்று. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒன்றாயின! அரசியல் தலையீடு என்று காரணங்காட்டிச் சர்வதேசக் கிரிக்கெட் பேரவை மறுநாளே இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. இளையோர் உலகக் கிண்ணப் போட்டி தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டது. மாத இறுதியில் அமைச்சரே பதவி நீக்கப்பட்டார். 2024 ஜனவரியிலேதான் இடைநிறுத்தம் நீங்கியது.

கிரிக்கெட் நிருவாகத்தில் கேட்கவேண்டிய கணக்குகள் உண்டு. அவற்றைக் கேட்பதை நாம் குறைகூறவில்லை. நமது வியப்பு வேறு. ஆட்டத்தில் தோற்றதற்கு ஒரு கிழமைக்குள் கணக்குக் கேட்ட நாடு, வாழ்க்கையில் தோற்றதற்கு எப்போது கணக்குக் கேட்டது?

2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அந்த ஆண்டு மண்ணெண்ணெய் இன்றி இக்கரையின் படகுகள் நாட்கணக்காய்க் கடலுக்கு இறங்கவில்லை. பிரித்தானியர் காலத்தில் சீனக்குடாவில் கட்டப்பட்ட பெரும் எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்கிடையே நிற்க, அவற்றின் நிழலில் வாழும் கடற்றொழிலாளி ஒரு கலன் எண்ணெய்க்கு வரிசையில் நின்றான். மே 9ஆம் திகதி பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகினார். மறுநாள் அவர் வந்து அடைக்கலம் புகுந்தது எங்கே? இதே திருகோணமலைக் கடற்படைத் தளத்தில். மதிலுக்கு உள்ளே அவர்; வெளியே மக்கள். தோற்ற வீரர்கள் செய்தியாளர் முன் அமர்ந்து கேள்விகளுக்கு விடை கூறினார்கள். நாட்டை வழிநடத்தித் தோற்றவர்களை மதிலும் பீரங்கியும் காத்து நின்றன.

2023 நவம்பர் 14ஆம் திகதி, பாராளுமன்றம் கிரிக்கெட்டைப் பற்றித் தீர்மானம் செய்து ஐந்தாம் நாள், நாட்டின் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கிற்று. முன்னாள் சனாதிபதிகள் இருவர் உட்படப் பலரும் பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பாவர், மக்களின் அடிப்படை உரிமையை மீறினர் என்று பெரும்பான்மை நீதியரசர்கள் கண்டனர். வழக்குத் தொடுத்தோருக்குச் செலவுத் தொகை வழங்கவும் கட்டளையிட்டனர். தீர்ப்பு வந்ததே பெரிது என்று நாம் மகிழ்ந்தோம். ஆனால் தேநீர்க் கடையில் அந்தச் செய்தி 55 ஓட்டங்களைப் போலப் பேசப்படவில்லை. ஏன்? ஆட்டத்தின் தோல்வியை எண்ணிப் பார்க்க ஓர் எண் இருந்தது. குற்றவாளிகளாகக் காட்டப் பதினொரு முகங்கள் இருந்தன. வாழ்வின் தோல்விக்கு முகமில்லை. அது பருப்பின் விலையாகவும் பிள்ளையின் பசியாகவும் துண்டு துண்டாக வந்து சேர்கிறது.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க நமது மனம் இடந்தரவில்லை. சிறுவர்கள் பந்தாடும் இந்நகரத்துக் கடற்கரையில், 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விசேட அதிரடிப் படையைச் சேர்ந்த பதின்மூவர்மீது வழக்கு நடந்தது. 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லை என்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் அவர்கள் அனைவரையும் விடுவித்தது. பந்தைத் தவறவிட்டவன் யார் என்பதை இருபது கோணங்களிலிருந்து படமெடுத்துக் காட்டும் உலகில், ஐந்து பிள்ளைகளைக் கொன்றவர் யார் என்று சொல்ல ஒரு சாட்சியும் மிஞ்சவில்லை. பொறுப்பு என்ற சொல்லை நாம் எங்கே பயன்படுத்துகிறோம், எங்கே பயன்படுத்த மறுக்கிறோம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

"இதனாற்றான் சொல்கிறோம், விளையாட்டெல்லாம் மக்களை மயக்கும் அபினி. அதனை விட்டொழியுங்கள்" என்று நமது தோழர்கள் சிலர் கூறுவர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. மக்களின் கோபத்தைத் திசைதிருப்ப ஆளுவோர்க்கு மைதானம் பயன்பட்டது, இனியும் பயன்படும். ஆனால் அந்தத் தோழர்கள் மக்களை விட்டு ஓர் அடி விலகி நின்று பேசுகிறார்கள். அந்த முதியவர் மயங்கிக் கிடக்கவில்லை. பகல் முழுதும் அலையோடு போராடியவர், தமது துயரத்தை இன்னும் முப்பது பேரோடு பகிர்ந்துகொள்ள வந்தார். முப்பது பேர் மூன்று மொழியிலும் மதத்திலும் பிரிந்தவர்கள். ஒரே தோல்வியால் ஒரு மணிநேரம் ஒன்றாக இருந்தார்கள். அந்த ஒற்றுமையை இகழ்வது நமது வேலை அன்று. அது மைதானத்தோடு நின்றுவிடாமல் மண்ணெண்ணெய் வரிசைக்கும் நீதிமன்ற வாயிலுக்கும் வரச்செய்வதே நமது வேலை. விளையாட்டில் "நாம்" என்று சொல்லப் பழகியவன், வாழ்க்கையிலும் அதனைச் சொல்லக் கற்றுக்கொள்ள முடியும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் தனிக் கடமை உண்டு. வென்ற பிள்ளையின் படத்தைப் பாடசாலை வாயிலில் மாட்டுகிறோம், மாட்டத்தான் வேண்டும். தோற்ற பிள்ளைக்கு நாம் சொல்லுவது என்ன? "நீ தோற்றவன்" என்கிறோமா, "நீ தோற்றாய்" என்கிறோமா? முன்னையது அவன் பிறவிக்கே இடும் முத்திரை. பின்னையது நடந்து முடிந்த ஒரு செயலின் பெயர். அதனை அடுத்து, தவறு எது, தற்செயல் எது, எதிரியின் திறமை எது, தொடக்கத்திலேயே மறுக்கப்பட்ட வாய்ப்பு எது என்று பிரித்துப் பார்க்க அவனுக்குக் கற்பிக்கிறோமா? அப்படிக் கற்ற பிள்ளை, நாளை ஒரு நாட்டின் தோல்வியையும் அவ்வாறே பிரித்துப் பார்ப்பான். அவன் பதினொரு பேரைக் கல்லெறிந்துவிட்டுக் கணக்குத் தீர்ந்தது என்று வீட்டுக்குப் போகமாட்டான். மதிலுக்கு உள்ளே இருப்பவரையும் வெளியே வரச்சொல்லிக் கேட்பான்.

அந்த ஆட்டம் முடிந்த மறுநாள் மாலை மழை சற்று விட்டிருந்தது. கடற்கரையில் பையன்கள் மூன்று தடிகளை ஈர மணலில் ஊன்றினார்கள். ஒருவன் முதற் பந்திலேயே ஆட்டமிழந்தான். மற்றவர்கள், "ஐம்பத்தைந்து! ஐம்பத்தைந்து!" என்று கூவி அவனைக் கேலி செய்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே துடுப்பை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுப் பந்து பொறுக்க ஓடினான். அவர்களில் எவன் தமிழன், எவன் முஸ்லிம், எவன் சிங்களவன் என்று அவ்வளவு தூரத்திலிருந்து நம்மால் கூறமுடியவில்லை. இருட்டும்வரை ஆடினார்கள்.